அக்காவை அழைத்துவரப் போன பயணம்

அரியலூரில் ரயிலை விட்டு இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. கடந்து வந்த கடல் இன்னும் பாதத்துக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. தை மாதப் பனி. ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற வண்டி மாடுகளின் கொம்புகள் தெரிந்தன, மாடுகள் தெரியவில்லை. எங்கள் கண்டியில் பனி மலையிலிருந்து இறங்கி வரும். இங்கே அது வயலிலிருந்து கிளம்பி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. நான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று ஒரு சந்தேகம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கண்டியில் புகையிலைக் கடை வைத்திருக்கிறது. என் அக்கா கமலத்தை, பெரம்பலூர் பக்கம் செட்டிகுளத்தைச் சேர்ந்த நடராஜன் என்பவருக்குக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை. கல்யாணமானதும் அக்கா நேரே ரங்கூன் போய்விட்டாள். அங்கே குண்டு விழ ஆரம்பித்தபோது அத்தான் அவளையும் குழந்தை வள்ளியையும் கப்பல் ஏற்றிவிட்டார். ஆலைச் சரக்கை ஒப்படைத்துவிட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னார். அடுத்த கப்பல் புறப்படவேயில்லை. அக்கா, தான் ஒருநாளும் வாழ்ந்திராத புகுந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் இருக்கிறாரா என்று சொல்ல ஆளில்லாமல் இரண்டு வருஷம் போய்விட்டது.

"கையோட கூட்டிக்கிட்டு வந்துடு" என்று சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். அக்காவுக்கென்று ஒரு புதுச் சேலையும் பெட்டியில் வைத்தாள்.

ஸ்டேஷன் எதிரே ஒரு காப்பிக் கடை. காப்பி கறுத்து, வெல்லப் பாகு வாசனையோடு வந்தது. சர்க்கரை இல்லையா என்று கேட்டேன்.

"சர்க்கரையெல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டுதுங்க. வெல்லம் மட்டும் நம்மகிட்ட தங்கிட்டுது" என்றார் கடைக்காரர். அந்தக் காப்பியை நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். கண்டியில் தேத்தண்ணீர் குடித்துப் பழகிய நாக்குக்கு அது ஏதோ கஷாயம் போலத்தான் இருந்தது. ஆனால் உடம்பு கேட்டது.

பெரம்பலூர் போகும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு இரும்பு அடுப்பைக் கட்டியிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்து அந்தப் புகையில் வண்டி ஓடிற்று. ஓடிற்று என்பது கொஞ்சம் உபசாரமான பேச்சு. மேடு வந்தால் நாங்கள் இறங்கி நடந்தோம், பஸ் எங்கள் பின்னால் வந்தது. குன்னத்தைத் தாண்டியதும் நின்றேவிட்டது. டிரைவர் ஒரு நீளக் கம்பியால் அடுப்பைக் குத்திக் கிளறினார். கண்டக்டர் கைராட்டினம் போன்ற ஒன்றைச் சுற்றிக் காற்று ஊதினார். பிரயாணிகள் ஒருவரும் கோபப்படவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். பருத்தி வெடித்திருந்தது. பனி அப்போதுதான் விலகியிருந்ததால், அதில் கொஞ்சம் செடிகளில் தங்கிவிட்டதுபோல இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். லெப்பைக்குடிக்காட்டில் தோல் வியாபாரம் என்றார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ரங்கூன் அம்மா வூட்டுக்கா? அந்தம்மா ஒங்க கூடப் பொறந்ததா?"

"ஆமாங்க. பார்த்திருக்கீங்களா?"

"சந்தையில பாத்திருக்கேன். கிட்டப் போயி, தண்ணி சௌரியம் எப்படி, வெங்காயம் எப்படின்னு கேப்பேன். சேதி உண்டாம்மான்னு மட்டும் கேக்க மாட்டேன். என் தம்பி மலாயாவுல மாட்டிக்கிட்டான். யாராச்சும் என்னய சேதி உண்டான்னு கேட்டுட்டா அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கறதில்ல. அல்லா காப்பாத்துவான். ஆனா சோறு எறங்கறதில்ல."

பஸ் ஒரு பெருமூச்சு விட்டுக் கிளம்பியது. எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

பெரம்பலூரில் மாட்டு வண்டி பிடித்துச் செட்டிகுளம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வண்டிக்காரர் சாட்டைக் கம்பால் மலையைக் காட்டினார். மேலே முருகன் கோயில். அங்கே சுவாமி கையில் கரும்போடு நிற்பதாகச் சொன்னார். கீழே கிணற்றுக்குக் கிணறு மாடுகள் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தன. தோல் பையில் தண்ணீர் மேலே வந்து, வாய்க்காலில் கொட்டி, திரும்பக் கிணற்றுக்குள் போயிற்று. அதற்கு இந்த ஊரில் கவலை என்று பேர். "எங்க வூட்டுல காலையிலேருந்து கவலை ஓடுதுங்க" என்று வண்டிக்காரர் சொன்னபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

அக்கா முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "சாப்பிட்டியாடா சுந்தரம்?" என்று கேட்டாள். கல்யாணத்தன்று பார்த்த அக்கா இவளுக்குள் எங்கேயோ இருந்தாள், குரல் மட்டும் வெளியே வந்தது. வள்ளி ஓடி வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் அக்காவைத் தவிர இரண்டு பேர். அத்தானின் அண்ணன் ராமசாமி, அவர் மனைவி செல்லம்மா. அண்ணன் அதிகம் பேசுகிறவரில்லை. எல்லோருக்கும் சேர்த்துச் செல்லம்மாக்கா பேசினார். உயரமான, வெற்றிலைக் காவி படிந்த சிரிப்புள்ள பெண்மணி. எனக்கு வரகரிசிச் சோறும் கீரைக் குழம்பும் போட்டு, நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்பதை முழுசாக உட்கார்ந்து பார்த்தார்.

சாப்பிட்டதும் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வெளிர் நீலம், அரக்குக் கரை. அக்கா கையை நீட்டவில்லை. அவள் விரல்கள் கழுத்துக்குப் போயின. தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. கலர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் செல்லம்மாக்காதான் விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய சின்ன மாமனார், அதாவது அத்தானின் சித்தப்பா வைத்தியலிங்கம், சில மாதமாக ஒரே பேச்சாக இருந்தாராம். ரெண்டு வருஷம் ஆயிட்டுது, மாசியில் நடராஜனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிடலாம், பிறந்த வீட்டிலிருந்து கோடி வரட்டும் என்று. புருஷன் போன பெண்ணுக்கு அண்ணன் தம்பி எடுத்துப் போடுகிற புதுச் சேலைதான் கோடி.

"நீங்க பாவம், ஆசையாத்தான் எடுத்தாந்தீங்க தம்பி. அதுக்கு அப்படிப் பட்டுடுச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேலையைத் திருப்பி எடுத்துப் போய்விடட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கிட்டுப் போனா, எடுத்தாந்தது அப்ப அதுக்குத்தான்னு ஆயிடும். இங்க குடுங்க" என்றார்.

சற்று நேரத்தில் அவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தபோது அந்தச் சேலையைக் கட்டியிருந்தார். பழைய வேலைச் சேலை போல முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, தலையில் கூடையை வைத்துக்கொண்டார். "எனக்குத் தம்பி கண்டியிலேருந்து சீலை கொண்டாந்திருக்கு" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வெங்காயக் கொல்லைக்கு நடந்தார். அக்கா பின்னால் வந்தாள். வரப்பில் ஏறும்போது, "கரையெல்லாம் மண்ணாவுதுக்கா" என்றாள். சேலையைப் பார்த்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அன்று முழுவதும் சின்ன வெங்காயம் பிடுங்கினார்கள். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முன்னேறிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து, பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துக் கட்டினேன். சரியாகக் கட்ட வரவில்லை, வள்ளி அவிழ்த்து மறுபடி கட்டினாள். மண்ணின் வாசனையும் வெங்காயத்தின் காரமும் வெயிலும் சேர்ந்து தலை கிறுகிறுத்தது. யாரோ தாழ்ந்த குரலில் பாடினார்கள். நான் அரைக் கண்ணை மூடிக்கொண்டேன். கவலையின் கிரீச் சத்தம் கடல் சத்தம்போல வந்து வந்து போயிற்று.

அப்போது வடக்கே வானத்தில் ஓர் இரைச்சல். அந்த வருஷம் அந்தப் பக்கம் பட்டாளத்து விமானங்கள் அடிக்கடி பறந்தன. கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்கா வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்போரம் குனிந்து, முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன். எனக்கு முன்பே அந்த வரிசை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டது. அத்தனை பெண்களும் நகர்ந்து வந்து அக்காவைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெற்றிலைப் பையை எடுத்தாள். இன்னொருத்தி முதுகை நீவிக்கொண்டு, "இந்த வருசம் மூட்டு வலி ஆளக் கொல்லுது" என்றாள். யாரும் பயப்படாதே என்று சொல்லவில்லை. செல்லம்மாக்கா அக்காவின் முதுகில் கையை வைத்து, "இது செட்டிகுளம். இது நம்ம கொல்ல. வள்ளி எங்கிட்ட இருக்குது" என்று, வெங்காய விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரைச்சல் தெற்கே தேய்ந்து போயிற்று. அக்கா தலையைத் தூக்கினாள். ஒருத்தி அவளுக்கும் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். வரிசை மறுபடி நகர்ந்தது.

மத்தியானம் கூழ் குடிக்கும்போது அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று செல்லம்மாக்காவிடம் கேட்டேன்.

"மொதல்ல எல்லாரும் சிரிச்சாளுவ. அப்புறம் பேய் புடிச்சிருக்குன்னாங்க. பேயோட்டுறவன் ஒருத்தனையும் கூட்டியாந்துட்டாங்க. வேப்பங்கொத்தோட வந்து நின்னான். நான் சொன்னேன், பேய் இதுங்கிட்ட இல்லய்யா, மேல பறக்குது, ஒன்னால முடிஞ்சா அதை ஓட்டுன்னு. போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒருநா நானும் கூடப் போயிக் குந்திக்கிட்டேன். தனியா ஒளிஞ்சா பைத்தியங்கறாங்க. எல்லாருமா குந்தினா வேல செய்யறவ களைப்பாறுறாங்கறாங்க. அவ்வளவுதான் தம்பி."

இது எல்லாவற்றையும் சரி செய்துவிடவில்லை. அக்கா கதவுக்குப் பக்கத்தில்தான் படுப்பாள். தலைமாட்டில் ஒரு மூட்டை எப்போதும் கட்டித் தயாராக இருக்கும். அதில் மாற்றுத் துணி, அவல், ஒரு பித்தளைத் தம்ளர். அதை அவிழ்த்துவிடு என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவலில் வண்டு விழாமல் செல்லம்மாக்கா அவ்வப்போது மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வைத்தியலிங்கம் வந்தார். நான் மனசுக்குள் ஒரு கொடுமைக்காரரைத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தவர் ஒல்லியான, சோர்ந்த மனிதர். கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கண்டியில் மழை உண்டா என்று விசாரித்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நான் வெறுப்புல சொல்லலை. நடராஜன் என் தோள்ல வளந்தவன். ஒரு முடிவுன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு ஒருநா அழுது தீத்துடும். தெனமும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா அழுதா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? நீங்க கூடப் பொறந்தவரு. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா செஞ்சுடலாம்."

அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. நான் தரையைப் பார்த்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா நிலைப்படிக்கு வந்து நின்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, அவரு இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"இருக்காருன்னு எனக்கும் தெரியாது. பொட்டு வைக்கும்போது இருக்காருன்னு தோணுது, சோறு போட்டுக்கும்போது இல்லேன்னு தோணுது. தெரியாதத தெரியாததாவே வச்சுக்கிட்டுத்தான் வாழ்ந்துக்கிட்டிருக்கேன். என் வாயால நானே அவர முடிக்க முடியாது மாமா. வேற என்ன வேணாலும் சொல்லுங்க, செய்யறேன்."

குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. வைத்தியலிங்கம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிணற்றிலிருந்து கவலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மோர் குடும்மா" என்றார் கடைசியில். குடித்துவிட்டு எழுந்தார். "நான் இனிமே அந்தப் பேச்ச எடுக்கலை. வெங்காயம் ஏத்த வண்டி வேணும்னா என் வண்டிய எடுத்துக்குங்க" என்று ராமசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கிப் போனார்.

எனக்கு இன்னும் நான் வந்த காரியம் பாக்கி இருந்தது. மறுநாள் காலை அக்காவும் நானும் வள்ளியும் மலை ஏறினோம். படி முழுக்கப் பனி ஈரம். மேலே போனதும் ஊரே காணாமல் போயிருந்தது. வெள்ளைப் பரப்பு ஒன்று. அதற்குள்ளிருந்து மாட்டு மணி, ஒரு குழந்தையின் அழுகை, யாரோ யாரையோ கூப்பிடுவது எல்லாம் பக்கத்திலிருந்து கேட்பதுபோலக் கேட்டன. கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறுகளும் பச்சைப் பாத்திகளும் அடியிலிருந்து மிதந்து மேலே வந்தன. வள்ளி ஒவ்வொன்றாகக் காட்டி, அது யார் வீட்டுக் கொல்லை என்று சொன்னாள்.

"அக்கா, கண்டிக்கு வந்துடேன்" என்றேன். "அம்மா வழி பாத்துக்கிட்டிருக்கா."

அவள் கோயில் தூணடியில் உட்கார்ந்தாள். "கண்டியச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். குளத்தைச் சுற்றி இப்போதும் சாயங்காலம் ஜனங்கள் நடக்கிறார்கள். எதிர்ச்சாரி ரொட்டிக் கடைக்காரர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். மழை நம் ஓட்டில் முன்பு போலவே ஒழுகுகிறது, அம்மா அதே இடத்தில் அதே அண்டாவை வைக்கிறாள். ஊர் முழுக்க வெள்ளைக்காரப் பட்டாளமும் லாரியும். அவள் சிரித்தாள். இன்னும் சொல்லு என்றாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தினேன்.

"அங்க வந்தா எல்லாருக்கும் முதல்லேருந்து சொல்லணும்டா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "நான் ஏன் ஒளியறேன், ஏன் பொட்டு வைக்கறேன், ஏன் மூட்டை கட்டி வச்சிருக்கேன்னு. அம்மா அழுவா. அவ அழறதப் பாத்து நான் அழக்கூடாதுன்னு இருப்பேன். இங்க யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். இதுங்களுக்கு நான் பழகிட்டேன்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"வா. வருஷத்துக்கு ஒருதரமாவது வந்து இரு. இந்த மாதிரி ஏதாவது சொல்லிக்கிட்டு இரு."

வள்ளி ஒரு செம்பருத்திப் பூவைக் கொண்டு வந்து அக்காவின் மடியில் போட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது, அதை எப்படி அம்மாவிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

புறப்பட்ட அன்று அரியலூர் வரை வருவேன் என்று அக்கா பிடிவாதமாகச் சொன்னாள். ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் ரயிலடிப் பக்கம் போனதில்லை. செல்லம்மாக்கா வள்ளியை ராமசாமி அண்ணனிடம் விட்டுவிட்டுத் தானும் கிளம்பினார். பஸ்ஸில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, பொரிகடலை தின்றுகொண்டு போனோம். செல்லம்மாக்கா பஸ் முழுவதற்கும் தன் மூட்டு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கிழவர் அதற்கு வைத்தியம் சொல்லி, இறங்கும்வரை இரண்டு பேருக்கும் விவாதம்.

ரயில் உள்ளே வந்தபோது அக்காவின் முகம் வெளுத்தது. செல்லம்மாக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஓடவில்லை. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பிளாட்பாரத்தில் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போகிறவன் என்ன சொல்வானோ அது என் வாய்வரை வந்துவிட்டது. ஏதாவது சேதி தெரிந்தால் எழுது என்று. அதை விழுங்கினேன். வேறு எதையாவது சொல்ல வேண்டுமே என்று தேடினேன். வண்டி நகர்ந்தது.

"அக்கா, அடுத்த வெங்காயம் விதைச்சதும் எனக்கு எழுது" என்று கத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த செல்லம்மாக்காவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே அக்கா ஜன்னலோடு சேர்ந்து நாலு எட்டு ஓடி வந்தாள்.

"சின்ன வெங்காயத்த விதைக்க மாட்டாங்கடா, நடுவாங்க" என்றாள். "போய் அம்மாகிட்டச் சொல்லு, நான் நடக் கத்துக்கிட்டேன்னு."